கடைசிக் காயை எடுத்த கை

இப்போதெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மினிபஸ் வரிசையில் நாற்பது பேர் நின்றால் நாற்பது பேரும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் நிற்பவன் செத்து விழுந்தாலும் தாண்டிப் போய் வண்டியில் ஏறுவார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு, ஒருவன் விழுந்தானாம் என்று அதே உள்ளங்கையில் படிப்பார்கள். கோபத்தில் சொல்லவில்லை. முகம் பார்ப்பது என் தொழில், அதனால் சொல்கிறேன்.

எங்கள் மேட்டுத் தெரு ஈமச் சங்கத்துக்குக் கொம்பு ஊதுகிறவன் நான். பெயர் பெலாச்சு. அடிஸ் அபாபாவில் எங்கள் சங்கத்தைப்போல் ஆயிரம் இருக்கும்; எங்களுடையதில் இருநூற்றுப் பத்து வீடு. எந்த வீட்டில் சாவு என்றாலும் விடியும் முன் என் கதவைத் தட்டுவார்கள். தகரக் கொம்பை எடுத்துக்கொண்டு சந்து சந்தாக ஊதிப் போய், இன்னார் போய்விட்டார், இத்தனை மணிக்கு அடக்கம், வராத வீட்டுக்கு அபராதம் என்று கத்த வேண்டும். இருபத்தாறு வருஷமாகக் கத்துகிறேன்.

வெளியூரில் சாவு என்றால் அதற்கு வேறு முறை. உறவுக்காரரிடம் யாரும் சட்டென்று சொல்லமாட்டார்கள். நல்ல சமயம் பார்த்து, பெரியவர்கள் கூடி, விடியற்காலையில் வீட்டுக்கே போய்ச் சொல்வோம். அதுவரை ஊரே தெரியாததுபோல் நடக்கும். வாரம் ஆகலாம், மாதம் ஆகலாம். ஒரு தாய், பாலைவனத்தில் செத்துப் போன மகனுக்கு ஐந்தாம் மாதம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். கலர் நன்றாக இருக்கிறது என்று நானே சொல்லியிருக்கிறேன். அப்படி நடிக்கும்போது மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குரல் கொஞ்சம் இனிக்கும். கேட்காமலே காப்பியில் சர்க்கரை கூடும். கண் உங்கள் நெற்றியைப் பார்க்கும்.

இதை முதலில் சொல்லிவிட்டேன், ஏனென்றால் மெங்கேஷா விஷயம் இதில்தான் நிற்கிறது.

மெங்கேஷா என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. நகரப் பேருந்து ஓட்டினவன். முப்பத்தொரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் தேன்மதுக் கடையின் பின் அறையில் அவனும் நானும் செந்தெரெஜ் ஆடினோம். எங்கள் பக்கத்துச் சதுரங்கம் அது. சிவப்புத் துணி, அதில் நீல நூல் கோடு. உலகம் பூராவும் ஆடும் சதுரங்கத்தைக் கடைக்கு வரும் மாணவர்கள் ஆடிப் பார்த்திருக்கிறேன்; நீ ஒன்று நான் ஒன்று என்று வங்கி வரிசை மாதிரி ஆடுகிறார்கள். எங்கள் ஆட்டம் அப்படித் தொடங்காது. முதலில் படை கூட்ட வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், முறை கிறை இல்லாமல், கை போன வேகத்தில் காயை நகர்த்துவோம். அவன் குதிரையைத் தூக்கினால் நான் என் காலாளைப் பின்னுக்கு இழுப்பேன், அதைப் பார்த்து அவன் மாற்றுவான். முதல் வெட்டு விழுகிற வரைக்கும் இதுதான். வெட்டு விழுந்த பிறகுதான் முறை.

ஏச்சுதான் ஆட்டத்தில் பாதி. வாய் இல்லாதவன் இதை ஆட முடியாது.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ராஜாவை எதனால் கட்டுகிறாய் என்று பார்ப்பார்கள். மூலைக் கோட்டையால் கட்டினால் அது கசாப்புக் கடை வேலை, ஒருவரும் கை தட்டமாட்டார். யானையாலோ காலாளாலோ கட்டினால் கடைக்காரி ஒரு குப்பி இனாமாக வைப்பாள். இரண்டாவது, எதிராளியிடம் ராஜாவும் ஒரே ஒரு காயும்தான் மிச்சம் என்றால் அந்தக் காயைத் தொடக்கூடாது. அது ஏழு முறை நகர்வதற்குள் ராஜாவைக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் சமம். ஒரு தரம் என்னிடம் ஒற்றைக் காலாள் மட்டும் மிஞ்சியது. மெங்கேஷா நல்ல போதையில் என் ராஜாவைச் சுற்றிச் சுற்றி வந்தான், கட்ட முடியவில்லை. அவன் கோட்டைக்கு நேரே என் காலாள் நின்றது. பக்கத்தில் இருந்தவன் ஒருவன், எடுத்துவிட்டுப் போயேன் என்றான். மெங்கேஷா அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். "ஒத்த ஆள் இல்லாத ராஜாவ என்னடா பண்றது? நான் பஸ்ஸுல ஏத்துனா கடைசி ஆள் எறங்கற வரைக்கும் வெளக்க அணைக்கமாட்டேன்" என்றான். அப்படிப்பட்ட ஆள்.

போன மழைக்காலத்தில் அவன் தொண்டையில் கட்டி என்றார்கள். செப்டம்பரில் எங்கள் புத்தாண்டுக்குப் பூக்கும் மஞ்சள் பூ காய்வதற்குள் மகன் ஹெனோக் வாஷிங்டனிலிருந்து வந்து வைத்தியத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டில் மெங்கேஷாவின் அக்கா ஜெனெபெச் மட்டும். எண்பத்து மூன்று வயது, இதயம் நோஞ்சான்.

அப்புறம்தான் இந்த மிஷின் கதை. சிறு நீதிமன்றத்துக்கு எதிரே அபோனெஷ் மனு தட்டச்சுக் கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸும் உண்டு. எங்கள் சங்கத்துப் பேரேடும் அவள்தான் அடித்துக் கொடுப்பாள். நாற்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, வாய் உண்டு. மெங்கேஷாவும் நானும் இரண்டு ஊரிலிருந்தே ஆட வழி பண்ணச் சொல்லி ஹெனோக் அவளிடம் பேசியிருக்கிறான். வயதில் மூத்தவன் என்று என்னைக் காஷே என்றுதான் அழைப்பாள். ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கட்டமும் மஞ்சள் கட்டமுமாக ஒரு பலகை.

"யாரு செஞ்சது இது?" என்று கேட்டேன்.

"யார் யாரோ, காஷே. ஊருக்கு ஒருத்தரா இருக்காங்க. ஒருத்தர் முகம் ஒருத்தர் பாத்ததில்ல. ஆளுக்குக் கொஞ்சம் செஞ்சு சேத்திருக்காங்க."

"என்ன வெல?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். எடுத்துக்கலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், உள்ள பிரிச்சுப் பாத்து வேணுங்கறத மாத்திக்கலாம். ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

"அப்ப நம்மகிட்டேருந்து எதையோ எடுக்கறான்."

"உங்ககிட்ட எடுக்க என்ன இருக்கு? அந்தக் கொம்பா?"

"குழி வெட்ட வராத வீட்டுக்கு அபராதம் போட்டாத்தான் நம்ம சங்கத்துல ஆள் வருது. சும்மா எவன் வேல செய்வான்?"

"இவங்க செய்யறாங்களே. ஆட்டம் புடிக்கும்னு செய்யறாங்க. நீங்க எதுக்கு முப்பது வருஷம் ஆடுனீங்க? சம்பளமா வாங்குனீங்க?"

எதிரே ஆள் இல்லாவிட்டால் அந்த மிஷினே ஆடும் என்றும் சொன்னாள். அவள் ஒரு பட்டியலைத் திறந்து படித்தாள். சீனாக்காரன் சதுரங்கம், சயாம்காரன் சதுரங்கம், ஜப்பான்காரன் சதுரங்கம், இன்னும் யார் யாரோ கிறுக்கர்கள் உட்கார்ந்து புதிதாகக் கட்டினது.

"நம்முது?"

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "நம்முது இல்ல, காஷே."

"பாத்தியா. சும்மா குடுக்கறவன்கூட நம்மள விட்டுட்டான்."

"கோச்சுக்காதீங்க. பழைய பாரசீகத்து ஆட்டம் ஒண்ணு இருக்கு. யானையும் மந்திரியும் அச்சு அசலா நம்ம மாதிரியே நடக்குது. படை கூட்டறது மட்டும்தான் இல்ல. அதுக்கு நானும் ஹெனோக்கும் வழி பண்ணியிருக்கோம்."

வழி என்னவென்றால், காயை இஷ்டப்படி தூக்கி வைக்க அந்த மிஷினுக்குள் ஓர் இடம் இருந்தது. முதல் வெட்டு வரைக்கும் தொலைபேசியில் நானும் மெங்கேஷாவும் கத்த வேண்டும். இங்கே அபோனெஷும் அங்கே ஹெனோக்கும் நாங்கள் கத்துவதைக் கேட்டுத் திரையில் வைக்க வேண்டும். எங்களுக்குச் சாயங்காலம், அவனுக்குக் காலை. சத்தம் தெருவுக்குக் கேட்டது.

"டேய் கொம்பூதி, உன் படை எங்கடா? இன்னும் பாய்ல படுத்திருக்கா?" அவன் குரல் கரகரத்தது. ஆனால் அவன் குரல்தான்.

"உன் பஸ்ஸு மேட்டுல நின்னுபோச்சு பாரு, எறங்கித் தள்ளு. எடது குதிரை முன்னால, அபோனெஷ்."

"அப்ப என் யானை உள்ள. ஹெனோக், யானை, யானைடா, அது கோட்டை, உனக்கு யாருடா லைசென்ஸ் குடுத்தது?"

"யானையா? அப்ப குதிரை வேணாம், திருப்பி வை."

மனு அடிக்க வந்த ஒருவன் வாசலில் நின்றான். "அம்மா, என் விவாகரத்துப் பேப்பரு..."

"இருய்யா, ராஜா சாகட்டும். இவ்வளவு நாள் பொறுத்தே, இன்னும் பத்து நிமிஷம் பொறுக்கமாட்டியா?" என்றாள் அபோனெஷ்.

அன்றைக்கு மெங்கேஷா என்னை இரண்டு காலாளால் கட்டினான். கட்டிவிட்டு, "எனக்கு ஊதறதுக்கு முன்னாடி உனக்கு யாரு ஊதறதுன்னு ஏற்பாடு பண்ணிக்கோ" என்றான். மிஷினை நான் நம்பவில்லை. குரலை நம்பினேன். அதனால் வாரா வாரம் போனேன்.

திருமுழுக்குத் திருவிழா முடிந்த வாரம் குரல் நின்றது. தொண்டையில் குழாய் வைத்துவிட்டார்கள், இனிப் பேச்சு இல்லை என்று ஹெனோக் சொன்னான். அதற்குப் பிறகு மெங்கேஷா சிலேட்டில் எழுதுவான், ஹெனோக் அதை அடித்து அனுப்புவான், அபோனெஷ் எனக்குப் படிப்பாள். நான்கு ஆட்டம் அப்படி ஆனது. படித்த ஏச்சு பாதிச் சூடுதான் இருந்தது. ஆனாலும் அவனுடையது என்று தெரிந்தது. "கொம்பில் சிலந்தி கூடு கட்டியிருக்கும், தட்டி வை" என்று ஒரு தரம் வந்தது. போய்ப் பார்த்தேன், கட்டித்தான் இருந்தது.

பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை அந்த ஆட்டம்.

மோசமாக ஆடினேன். கடைசியில் என்னிடம் ராஜாவும் ஒரு யானையும்தான். யானை ஓரத்தில் நின்றது. அவன் கறுப்புக் கோட்டைக்கு நேர் பாதையில். எனக்குக் கவலை இல்லை. எங்கள் கணக்கில் அந்த யானை கோயில் சுவர் மாதிரி, அதன்மேல் யாரும் கை வைக்க முடியாது. ஏழு நகர்வு ஓட்டிவிட்டால் சமம். நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். இருபது நிமிஷம் ஆனது. அபோனெஷ் நடுவில் யாருக்கோ நிலப் பத்திரம் நகல் எடுத்துக் கொடுத்தாள். பிறகு திரையில் கோட்டை நகர்ந்தது. யானையைக் காணவில்லை. ஓரத்தில் ஏதோ எழுத்து வந்து நின்றது.

"என்ன போட்டிருக்கு?"

"கறுப்பு ஜெயிச்சதுன்னு, காஷே."

"என் ராஜா உயிரோடதானே இருக்கு?"

"ராஜா தனியா நின்னாலே தோல்வியாம் இந்த ஆட்டத்துல. நாம எடுத்தது பாரசீகத்து ஆட்டம்தானே, இது அதோட சட்டம்."

"சட்டம் கெடக்கட்டும். எடுத்தது யாரு?"

"அவருதான்."

"அவன் எடுக்கமாட்டான்."

"கை தவறியிருக்கும்."

"இருபது நிமிஷமா தவறுச்சு? கேளு."

அடித்துக் கேட்டாள். அப்பா களைத்துவிட்டார், அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்கிறார் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். ஏச்சு இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மெங்கேஷா செத்துவிட்டான். அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். அவன் இடத்தில் உட்கார்ந்து வேறு ஏதோ ஆடுகிறது.

அடுத்த சனிக்கிழமை சந்தேகமே இல்லை. நான் விரலைக் காட்டி, அபோனெஷ் காயை நகர்த்தி, அவள் கை எடுப்பதற்குள் பதில் வந்தது. யோசனை என்பதே கிடையாது. இரண்டு கோட்டைகளை இரண்டு பக்கமும் இறக்கி ஆட்டை அறுப்பதுபோல் என் ராஜாவைக் கட்டியது. பிறகு அபோனெஷ் படித்தாள்: "நல்லா ஆடுனீங்க."

முப்பத்தொரு வருஷத்தில் மெங்கேஷா என்னைப் பார்த்து நன்றாக ஆடினாய் என்று சொன்னதில்லை. 'நீங்க' என்றும் சொன்னதில்லை.

"காப்பி இன்னும் ஒண்ணு குடிங்க, காஷே" என்றாள் அபோனெஷ். குடித்தேன். சர்க்கரை அதிகம். அவள் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் ஏன் மறைத்தார்கள் என்பது யோசிக்காமலே தெரியும். எனக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். கொம்பு என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. தெருவுக்குத் தெரிந்தால் ஜெனெபெச்சுக்குத் தெரியும், அவள் இதயம் தாங்காது. மகன் நேரில் வந்து, பெரியவர்களோடு நின்று சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். முறைதான். நானே எத்தனை வீட்டில் இந்த முறையைக் காத்திருக்கிறேன். ஆட்டம் நின்றால் நான் கேட்பேன், அதனால் ஆட்டத்தை நிறுத்தாமல் மிஷினை ஆடவிட்டார்கள். நான் போவதை நிறுத்தினால் ஜெனெபெச் கேட்பாள், அதனால் நானும் நிறுத்தவில்லை.

நோன்பு முழுக்க இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் உட்கார்ந்து, செத்தவன் பெயரில் ஆடும் ஒன்றிடம் தோற்றேன். அது அவன் இல்லை என்று அபோனெஷுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. "இன்னிக்குக் கொஞ்சம் நல்லா தாக்குப் புடிச்சீங்க" என்பாள். "ஆமா, அவனுக்கும் வயசாகுது" என்பேன். வெட்கக்கேடு. ஒரு தரம் வேண்டுமென்றே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலாளோடு நின்றேன். எடுத்துவிட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஜெனெபெச் வாசலில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அந்த வழியாகத்தான் நான் போக வேண்டும்.

"பெலாச்சு, உன் கூட்டாளி எப்படி ஆடறான்?"

"ஜெயிக்கிறான், அக்கா."

"தொண்டை எப்படி இருக்காம்?"

"தொண்டைக்கும் ஆட்டத்துக்கும் என்ன? கையாலதானே ஆடறான்."

"உன் மூஞ்சி சரியில்லையே."

"நோன்பு, அக்கா. பாலில்ல, மாமிசமில்ல. மூஞ்சி எங்கேருந்து வரும்?"

அவள் சிரித்தாள். "அவன் நோன்பு பிடிக்கறானான்னு கேளு. அமெரிக்காவுல யாரு பாக்கறான்னு தின்னுட்டு இருப்பான்."

"கேக்கறேன்" என்றேன்.

ஏழு சனிக்கிழமை. ஈஸ்டரை ஒட்டிய இரண்டு சனிக்கிழமையும் அபோனெஷ் கடை பூட்டு. ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, விடியும் முன் கதவு தட்டினார்கள். சங்கத் தலைவர் நின்றார், பின்னால் இரண்டு பெரியவர்கள், அவர்களுக்கும் பின்னால் கறுப்புக் கோட்டு போட்ட ஹெனோக். "உக்காருங்க, காஷே பெலாச்சு" என்று தலைவர் தொடங்கினார். நான் அந்த வாக்கியத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன். கொம்பை முந்தின வாரமே துடைத்து வைத்திருந்தேன். ஆணியிலிருந்து எடுத்தேன். "முதல்ல அக்காகிட்ட போவோம். அப்புறம் ஊதறேன்" என்றேன்.

ஜெனெபெச் முதலில் அழவில்லை. எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்து நின்றாள். "நோன்புன்னு சொன்னியே" என்றாள். அதற்குப் பிறகுதான் அலறினாள்.

அங்கேயே புதைத்துவிட்டார்களாம். நான் சந்து சந்தாக ஊதினேன். மெங்கேஷா போய்விட்டான் என்று கத்தினேன். அடுத்து, இத்தனை மணிக்கு அடக்கம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டு அடுத்த சந்துக்குப் போனேன்.

மூன்றாம் நாள், சாவு வீட்டுக் கூடாரத்தில் கூட்டம் குறைந்த நேரம். வறுத்த பார்லித் தட்டு எனக்கு முன்னால் இருந்தது. ஹெனோக் மடிக்கணினியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அபோனெஷ் அவனுக்கு அந்தப் பக்கம்.

"காஷே, ஒண்ணு சொல்லணும். கடைசி ஏழு ஆட்டம் அப்பா ஆடலை."

"தெரியும்."

"மிஷினை ஆடவிட்டேன். அத்தைக்காகத்தான். மன்னிச்சிருங்க."

"முறைதானே. நானும் பண்ணியிருக்கேன்."

அவன் மூச்சு விட்டான். அதோடு போயிருக்கலாம். போகவில்லை.

"ஆனா யானைய எடுத்தது இருக்கே, நோன்புக்கு முந்தின சனிக்கிழமை. அது அப்பாதான், காஷே."

"இல்ல."

"அன்னிக்கு உயிரோட இருந்தாரு. படுக்கையில சாய்ச்சு வச்சிருந்தேன். அவரு விரலால காட்டுவாரு, நான் நகர்த்துவேன். யானையக் காட்டுனாரு. அப்பா, அது கடைசிக் காய், தொடக்கூடாதேன்னேன். மறுபடியும் அதையே காட்டுனாரு. மூணு தடவ கேட்டேன். சிலேட்டக் குடுத்தேன். எழுதுனாரு."

"என்னன்னு?"

"முடியட்டும்னு."

கூடாரத்து மூலையில் யாரோ காப்பிக்கொட்டை வறுக்கும் புகை வந்தது. நான் பார்லியை மென்றேன்.

"அந்த இருபது நிமிஷம் அதுதான், காஷே" என்று அபோனெஷ் மெல்லச் சொன்னாள். "அதுக்கு அடுத்த செவ்வாக்கிழமைதான் போயிருக்காரு. எனக்கு ஹெனோக் சொன்னது புதன்கிழமை. அந்த சனிக்கிழமை எனக்கே ஒண்ணும் தெரியாது."

"சிலேட்டு எங்க?"

ஹெனோக் கீழே பார்த்தான். "ஆஸ்பத்திரி சிலேட்டு. அழிச்சுட்டுக் குடுத்துட்டேன். அப்ப அது முக்கியம்னு தோணலை."

"சரி."

"உங்கள நிறுத்தச் சொல்லத்தான் எடுத்திருப்பாருன்னு நெனைக்கிறேன். நீங்க வாராவாரம் வந்து காத்துட்டு உக்கார வேணாம்னு. வேற எப்படிச் சொல்லுவாரு? பேச்சு இல்ல."

"முப்பத்தொரு வருஷம் பேசுனவன். ஒரு ஏச்சு எழுதியிருப்பான். போடா கொம்பூதின்னு எழுதியிருந்தா போயிருப்பேன்."

"கை நடுங்குச்சு, காஷே. ஒரு வார்த்தைக்கு மேல எழுத முடியலை."

அவன் மடிக்கணினியைத் திறந்தான். எல்லா ஆட்டமும் அதற்குள் இருக்கிறதாம், முதல் நாளிலிருந்து. அந்த ஆட்டத்தை எடுத்து ஒவ்வொரு நகர்வாக ஓட்டினான். நான் செய்த தப்பெல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில் என் ராஜா, ஓரத்தில் யானை, எதிரே கறுப்புக் கோட்டை.

"இங்க நிறுத்து" என்றேன்.

நிறுத்தினான். யானை நின்றது.

"அடுத்ததும் இருக்கு, காஷே. பாருங்க, பக்கத்துல தேதி, மணி, நிமிஷம் எல்லாம் போட்டிருக்கு. இது பொய் சொல்லாது" என்றாள் அபோனெஷ்.

"நேரத்தச் சொல்லும். கையைச் சொல்லுமா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் ஏன் இதுல பொய் சொல்லணும்?" என்றான் ஹெனோக். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "மத்ததெல்லாம் ஒத்துக்கிட்டேனே. இதுல மட்டும் எனக்கு என்ன லாபம்?"

"ரெண்டு மாசம் சொன்னியே, அதுல என்ன லாபம்? நல்லதுன்னு நெனச்சுச் சொன்னே. இதுவும் நல்லதுன்னு நெனச்சுச் சொல்றே. கடைசியா அப்பா உங்களத்தான் நெனச்சாருன்னு ஒரு கெழவனுக்குச் சொல்லணும். நானே எத்தன வீட்டுல இப்படிச் சொல்லியிருக்கேன் தெரியுமா? எல்லாச் செத்தவனும் கடைசியா யாரையாவது நெனச்சிருக்கான். ஒருத்தன்கூட தண்ணி கேட்டுட்டுச் சாகலை."

அவன் மடிக்கணினியை மூடினான்.

மிச்சத்தை நான் அவனிடம் சொல்லவில்லை. அந்த சனிக்கிழமைக்கு முன்பே மெங்கேஷா செத்திருந்தால் அது வெறும் சாவு. சாவு எனக்குப் பழக்கம், ஊதிவிட்டு வந்து படுப்பேன். உயிரோடு இருந்து, தெரிந்து, மூன்று முறை கேட்டும் அந்த யானையை எடுத்தான் என்றால், முப்பத்தொரு வருஷம் சிவப்புத் துணிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கும். எனக்கு எழுபத்தேழு வயது. கேட்க ஆளும் இல்லை.

எழுந்தேன். கொம்பு நாற்காலிக்குக் கீழே இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

"இதை நீங்களே வச்சுக்குங்க, காஷே" என்று ஹெனோக் மடிக்கணினியை நீட்டினான். "ஆட்டமெல்லாம் இதுல இருக்கு. தனியாவும் ஆடலாம். சும்மாதான்."

"சும்மா எதையும் நான் வாங்கறதில்ல."

"அப்ப நம்பமாட்டீங்களா?"

"தேதியை நம்பறேன். அன்னிக்கு யானை போச்சு. எடுத்தது அவன் இல்ல."

வெளியே வந்தேன். கூடாரத்து வாசலில் சங்கத்துப் பையன்கள் நான்கு பேர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், விலகினார்கள். பின்னாலிருந்து அபோனெஷ், "காப்பி குடிச்சுட்டுப் போங்க, காஷே, சர்க்கரை போட்டு வச்சிருக்கேன்" என்று கூப்பிட்டாள். குரல் இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது. நான் திரும்பாமல் நடந்தேன்.